காலா, அரையா, முக்காலா? ஆங்கில நிறுத்தக்குறிகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலத்தில் எந்த இடத்தில் எந்தக் குறி போட்டால் வாக்கியம் எப்படி ஒலிக்கும் என்று பெங்களூரு வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். குறிகள் மட்டும் ஆங்கிலத்தில் எங்கே நிற்குமோ அங்கேயே நிற்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எளிதில் பிடிபடும்.

என் மெயில்களில் இலக்கணப் பிழை கிடையாது. ஆனாலும் "உங்கள் டோன் கொஞ்சம் ஹார்ஷ்" என்கிறார் மேனேஜர். யாரையும் நான் திட்டியதே இல்லை. எங்கே இடிக்கிறது?
– ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்

நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய மெயிலில் இந்த வரிகள் இருக்கின்றன:

ஐ செக்ட் தி கோட். தேர் இஸ் எ பக். இட் இஸ் இன் யுவர் மாட்யூல்.

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று முற்றுப்புள்ளிகளும் மூன்று முறை மேசையைத் தட்டுகின்றன. ஆங்கில வாக்கியத்தில் முற்றுப்புள்ளிக்கு முன்னால் நிற்கும் சொல்லில்தான் அழுத்தம் போய் உட்காரும். இங்கே அந்த இடத்தில் நிற்பது "யுவர் மாட்யூல்". படிப்பவர் காதில் "தப்பு உன்னுடையது" என்று விழுகிறது.

இதையே தமிழில் சொன்னால் "உங்க மாட்யூல்லதான் இருக்கு போலிருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்போம். "போலிருக்கு" கடுமையைத் தணிக்கிறது. "பாருங்களேன்" என்பதில் உள்ள அந்த "ஏன்" உத்தரவை வேண்டுகோளாக்கிவிடுகிறது. ஏ, ஓ, உம், தான், என்று முதலிய சின்னச் சின்ன ஒட்டுகளைக் கொண்டு நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் ஆங்கிலப் பேச்சில் குரல் செய்கிறது, எழுத்தில் குறிகள் செய்கின்றன. உங்கள் மெயிலில் சொற்கள் மட்டும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன, ஒட்டுகள் தமிழிலேயே தங்கிவிட்டன. இப்படி மாற்றிப் பாருங்கள்:

ஐ செக்ட் தி கோட், அண்ட் தேர் சீம்ஸ் டு பி எ பக் இன் யுவர் மாட்யூல். கேன் யூ டேக் எ லுக்?

மூன்று தட்டல்கள் ஒரே மூச்சாகிவிட்டன. "சீம்ஸ்" என்பது நம் "போலிருக்கு" செய்யும் வேலையைச் செய்வதால் "யுவர் மாட்யூல்" குற்றச்சாட்டாக ஒலிக்கவில்லை. மெயில் கேள்வியில் முடிவதால் பதில் சொல்லும் இடம் எதிராளிக்குக் கிடைக்கிறது. அந்தக் கேள்விக்குறியை மறந்து "கேன் யூ டேக் எ லுக்." என்று புள்ளி வைத்துவிடாதீர்கள். கேள்வி உருவத்தில் வந்த உத்தரவாக அது மாறிவிடும். அலுவலக மெயில்களில் இது தினமும் நடக்கிறது.

சாட்டில் கதை வேறு. அங்கே செய்தியை அனுப்புவதே வாக்கியம் முடிந்ததற்கு அடையாளம். அதற்கு மேல் புள்ளியும் வைத்தால், "இதோடு பேச்சை முடித்துக்கொள்கிறேன்" என்று ஒலிக்கும். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மாணவர்களிடம் குறுஞ்செய்திகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஒற்றைச் சொல் பதிலின் இறுதியில் முற்றுப்புள்ளி இருந்தால் அந்தப் பதிலில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். கையால் எழுதிய குறிப்பில் அதே புள்ளி அந்த விளைவைத் தரவில்லை. ஆகவே சாட்டில் "ஓகே" போதும், புள்ளி வேண்டாம். மெயிலில் புள்ளி கட்டாயம். "ஓகே..." என்று மூன்று புள்ளி வைப்பதைத் தவிருங்கள். நம் பக்கத்தில் அது பணிவாகத் தோன்றும். வெளியூர்க் குழுவில் இருப்பவர் அதை "மனமில்லாமல் சம்மதிக்கிறார்" என்றே படிப்பார்.

பத்தாவது படிக்கும் என் மகளின் ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியை நிறைய இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு "கமா தப்பு" என்று எழுதியிருக்கிறார். மூச்சு விடும் இடத்தில்தானே கமா போட்டிருக்கிறாள்? இதில் என்ன தவறு?
– அல்சூரிலிருந்து ஒரு தாய்

இந்தத் தவறு தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் வரும். காரணம் அவர்களின் கவனக்குறைவு அல்ல, தமிழின் நல்ல குணம் ஒன்று. அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் திருத்துவது சுலபம்.

நீங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்து ஒரு வரி:

ஐ வென்ட் டு தி பேங்க், இட் வாஸ் க்ளோஸ்ட், ஐ கேம் பேக்.

தமிழில் "பேங்குக்குப் போனேன், மூடியிருந்தது, திரும்பி வந்துட்டேன்" என்றால் யாருக்கும் உறுத்தாது. அதைவிட இயல்பாக, "பேங்குக்குப் போய், மூடியிருந்ததைப் பார்த்து, திரும்பி வந்தேன்" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். போய், பார்த்து, வாங்கி, கொடுத்து என்று பத்து எச்சம் வந்தாலும் கடைசியில் ஒரு முற்று வந்து எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்து வந்துவிட்டால் அது தனி வீடு. இரண்டு தனி வீடுகளுக்கு நடுவே கமா என்ற மெல்லிய திரை போதாது, சுவர் வேண்டும். சுவர் எழுப்ப வழிகள் பல. எதை எடுக்கிறோமோ அதற்கேற்ப வாக்கியத்தின் முகம் மாறும்.

ஐ வென்ட் டு தி பேங்க். இட் வாஸ் க்ளோஸ்ட். ஐ கேம் பேக்.

இது வறண்ட அறிக்கை. சொல்பவர் எரிச்சலில் இருக்கிறார் என்றும் தோன்றலாம். கதையில் அந்த எரிச்சல்தான் வேண்டுமென்றால் இதுவே சரி.

ஐ வென்ட் டு தி பேங்க், பட் இட் வாஸ் க்ளோஸ்ட், ஸோ ஐ கேம் பேக்.

சாதாரணமாகக் கதை சொல்லும் குரல். பள்ளிக் கட்டுரைக்கு இது போதும்.

ஐ வென்ட் டு தி பேங்க்; இட் வாஸ் க்ளோஸ்ட்.

அரைப்புள்ளி இரண்டையும் அருகருகே நிறுத்திவிட்டு, தொடர்பைப் படிப்பவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுகிறது. நிகழ்ச்சி இரண்டாக இருக்கும்போது இது அழகு. மூன்றையும் இப்படிக் கோத்தால் நெரிசல்.

ஃபைண்டிங் தி பேங்க் க்ளோஸ்ட், ஐ கேம் பேக்.

இதுதான் நம் வினையெச்சத்துக்கு மிக அருகில் உள்ள வடிவம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும், ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஃபைண்டிங் தி பேங்க் க்ளோஸ்ட், தி ஆட்டோ டுக் மீ ஹோம்" என்று எழுதினால், பேங்க் மூடியிருந்ததைக் கண்டது ஆட்டோ என்றாகிவிடும். எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே எழுவாய் என்ற விதியைத் தமிழ் வகுப்பில் அவள் ஏற்கெனவே படித்திருப்பாள். அதையே இங்கும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் சரிபார்க்க ஒரு முறை உண்டு. கட்டுரையை முடித்ததும் பென்சிலோடு ஒவ்வொரு கமாவிலும் நிற்கவேண்டும். கமாவுக்கு இடப்பக்கம் இருப்பது தனியாக நிற்குமா? வலப்பக்கம் இருப்பது தனியாக நிற்குமா? இரண்டும் நிற்கும் என்றால், கமாவை அடுத்து அண்ட், பட், ஆர், நார், ஃபார், ஸோ, யெட் என்ற 7 சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கமா தவறு. ஒரு பக்கத்துக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆகாது.

"ஹவ்எவர்", "தேர்ஃபோர்" இரண்டும் அந்த 7-இல் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். பெரியவர்களும் இங்கே வழுக்குகிறார்கள். "இட் வாஸ் லேட், ஹவ்எவர், வி வெய்ட்டட்" தவறு. "இட் வாஸ் லேட்; ஹவ்எவர், வி வெய்ட்டட்" சரி. "ஆனால்", "இருந்தாலும்" இரண்டையும் நாம் ஒரே மாதிரி வாக்கியத் தொடக்கத்தில் போட்டுப் பழகியதால் "பட்"டும் "ஹவ்எவர்"உம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. மூன்று மிகச் சிறிய வாக்கியங்கள், ஒரே அச்சில் வார்த்தவை, வேகமாக ஓடவேண்டும் என்றால் கமா போதும். சீசர் சொன்னதாக வழங்கும் "ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்" அப்படிப்பட்டது. தேர்வில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஒரு செய்தியை வாக்கியத்தின் நடுவில் செருக கமாவும் போடலாம், அடைப்புக்குறியும் போடலாம், கோடும் போடலாம் என்கிறார்கள். அப்படியென்றால் மூன்றும் ஒன்றா?
– ஜெயநகரிலிருந்து ஒரு விளம்பர எழுத்தாளர்

ஒன்றல்ல. பெங்களூருக் கோடையில் எல்லா வீட்டிலும் நடப்பதை எடுத்துக்கொள்வோம்.

தி டேங்கர், டூ ஹவர்ஸ் லேட், கேம் அட் லாஸ்ட்.

கமா குரலை மாற்றாது. தாமதமும் ஒரு தகவல், வந்ததும் ஒரு தகவல். தமிழில் "இரண்டு மணி நேரம் தாமதமான டேங்கர் ஒருவழியாக வந்தது".

தி டேங்கர் — டூ ஹவர்ஸ் லேட் — கேம் அட் லாஸ்ட்.

கோடு வாக்கியத்தை நிறுத்தி விரல் நீட்டுகிறது. தமிழில் இந்தக் கோட்டுக்கு நேரான சொல் இருக்கிறது: "அதுவும்". "டேங்கர் வந்தது, அதுவும் இரண்டு மணி நேரம் கழித்து!" நீங்கள் எழுதும் இடத்தில் தமிழில் "அதுவும்" என்று குரல் ஏறுமானால் ஆங்கிலத்தில் கோடு போடுங்கள். ஏறாவிட்டால் கமாவே போதும்.

அதே மூன்று சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்தால் குரல் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் வாய்க்குக் கை மறைத்துச் சொல்வதுபோல. தேதி, விலை, பக்க எண் மாதிரி வேண்டியவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் தகவலுக்கு அடைப்புக்குறி ஏற்றது. விளம்பர எழுத்தில் உங்கள் முக்கியச் சலுகையை அடைப்புக்குறிக்குள் வைத்தால் அதை நீங்களே ஒளித்துவைத்தது போல் ஆகிவிடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை: கோட்டில் திறந்து கமாவில் மூடுவது. எதில் திறந்தீர்களோ அதிலேயே மூடவேண்டும். நடுவில் உள்ளதை எடுத்துவிட்டுப் படியுங்கள். மீதி தடையில்லாமல் ஓடினால் குறிகள் சரியான இடத்தில் இருக்கின்றன. ஒரே வாக்கியத்தில் மூன்றாவது கோடு வந்தால் எது உள்ளே, எது வெளியே என்று படிப்பவருக்குத் தெரியாது. பத்திக்கு ஓர் இணை என்று வைத்துக்கொண்டால் கோட்டுக்கு மதிப்பு இருக்கும்.

வாக்கியத்தின் கடைசியில் வரும் குறி இன்னும் சுவையானது. ஐந்தே சொற்களை வைத்துப் பார்ப்போம்.

ஹீ ஹாட் ஒன் ப்ராப்ளம்: மனி.

முக்காற்புள்ளி வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றுகிறது. "ஒரு பிரச்சினை" என்றேன், இதோ அது. குரலில் பதற்றம் இல்லை.

ஹீ ஹாட் ஒன் ப்ராப்ளம் — மனி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவது. நேரில் பேசுகிற தொனி.

ஹீ ஹாட் ஒன் ப்ராப்ளம். மனி.

மூன்றிலும் கனமான அடி இதுதான். ஒற்றைச் சொல்லே ஒரு வாக்கியமாகிவிட்டது. விளம்பரங்களில் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தி மழுங்கடித்துவிட்டார்கள். ஒரு விளம்பரத்தில் ஒருமுறை வந்தால் அடி விழும், நான்கு முறை வந்தால் படிப்பவருக்கு விக்கல் எடுப்பதுபோல் இருக்கும்.

கமா போட்டு "ஒன் ப்ராப்ளம், மனி" என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் அது வலுவே இல்லாமல் நழுவிப் போகும்.

நீளக் கோடு போட்டாலே "ஏஐ எழுதியது" என்கிறார்கள். விட்டுவிடலாமா? அதைத் தட்டச்சுவதும் சிரமமாக இருக்கிறது.
– எச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து ஒரு வாசகர்

விட வேண்டாம். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆங்கில நாவலாசிரியர்கள் கையாண்டு வந்த குறி அது. சந்தேகத்தைக் கிளப்புவது கோடு அல்ல, காரணமில்லாமல் பத்திக்குப் பத்தி வரும் கோடு. மேலே சொன்ன "அதுவும்" சோதனையில் தேறாத கோடுகளை எடுத்துவிட்டால் மீதி உங்களுடையது என்று படித்தாலே தெரியும்.

தட்டச்சுக்கு: வேர்டில் சொல்லை ஒட்டி இரண்டு ஹைஃபன் அடித்து, இடைவெளி விடாமல் அடுத்த சொல்லையும் அடித்து ஸ்பேஸ் தட்டினால் தானே நீளக் கோடாகிவிடும். இருபுறமும் இடைவெளி விட்டால் குட்டைக் கோடாகும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0151 அடித்தால் நீளக் கோடு, 0150 அடித்தால் குட்டைக் கோடு. மேக்கில் ஷிஃப்ட், ஆப்ஷன், ஹைஃபன் மூன்றும் சேர்த்து. கைபேசியில் ஹைஃபன் விசையை அழுத்திப் பிடித்தால் எல்லாம் மேலே வரும். அமெரிக்க அச்சில் நீளக் கோடு, இடைவெளி இல்லாமல். பிரிட்டிஷ் அச்சில் பெரும்பாலும் குட்டைக் கோடு, இருபுறமும் இடைவெளியோடு. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருங்கள். ஹைஃபனை மட்டும் கோடாகப் போடாதீர்கள். அது சொற்களை ஒட்டும் குறி, கோடு பிரிக்கும் குறி.

தமிழில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று பெயர். அப்படியானால் கால், அரை, முக்கால் அளவு நிறுத்தவேண்டும் என்றுதானே பொருள்? முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டால் என்ன?
– ஜாலஹள்ளியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பெயரைக் கூர்ந்து கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஏட்டுச்சுவடியில் இந்தக் குறிகள் கிடையாது. அச்சோடு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தவை இவை. அந்நாளில் ஆங்கிலத்திலும் இவற்றை நிறுத்தும் நேரத்தைக் கொண்டுதான் கற்பித்தார்கள். 1795-இல் லிண்ட்லி மர்ரே எழுதிய ஆங்கில இலக்கணத்தில் அரைப்புள்ளி கமாவைப்போல் இரு மடங்கு, முக்காற்புள்ளி அதற்கு இரு மடங்கு, முற்றுப்புள்ளி அதற்கும் இரு மடங்கு என்று இருக்கிறது. அதாவது 1, 2, 4, 8. நம் கால், அரை, முக்கால், முழுதும் அதே எண்ணத்தில் எழுந்த பெயர்கள்தான்.

இன்றைய ஆங்கிலம் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது. வாய்விட்டுப் படிப்பவருக்கு நேரம் காட்டிய குறிகள், மௌனமாகப் படிப்பவருக்கு உறவு காட்டுகின்றன. முக்காற்புள்ளி என்பது முக்கால்வாசி நிறுத்தம் அல்ல, வலப்பக்கம் திறக்கும் கதவு. அரைப்புள்ளி ஒரு தராசு.

தி ரோட் இஸ் ஃப்ளடட்: தி லேக் ஹாஸ் ஓவர்ஃப்ளோட்.

தெரு ஏன் வெள்ளக்காடானது? ஏனென்றால் ஏரி நிரம்பி வழிந்தது. நடுவில் "ஏனென்றால்" அல்லது "அதாவது" போட முடிந்தால் முக்காற்புள்ளி.

மை சிஸ்டர் டாக்ஸ்; மை பிரதர் ஆக்ட்ஸ்.

"அக்கா பேசுவாள், அண்ணனோ செய்துமுடிப்பான்." அந்த "ஓ" வருகிறதே, அதுதான் அரைப்புள்ளி. இரண்டு தட்டிலும் சம எடை. இதில் முக்காற்புள்ளி போட்டால் அக்கா பேசுவதற்கு விளக்கமே அண்ணனின் செயல் என்று பொருள் கோணிவிடும்.

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் முழு வாக்கியம் இருக்கவேண்டும். "வி நீட்: ரைஸ், தால், ஆயில்" என்பதில் "வி நீட்" முடியாமல் தொங்குகிறது. குறியே இல்லாமல் "வி நீட் ரைஸ், தால், அண்ட் ஆயில்" என்று எழுதலாம், அல்லது "வி நீட் த்ரீ திங்ஸ்: ரைஸ், தால், அண்ட் ஆயில்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுத் திறக்கலாம்.

அரைப்புள்ளி முதலில் அச்சேறியது 1490-களில், வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்தில். 500 ஆண்டுக்கு மேலாகப் புழங்கும் குறியைப் பயந்து ஒதுக்க வேண்டாம்.

பட்டியலில் "அண்ட்"டுக்கு முன் கமா வேண்டுமா, வேண்டாமா? அலுவலகத்தில் தினமும் சண்டை.
– சிவாஜிநகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்

பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் போடுவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடுகிறது, அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டு கமா என்ற பெயர். சட்ட ஆவணத்தில் போடுங்கள் என்பது எங்கள் கருத்து. பள்ளி விழா நன்றியுரை ஒன்றைப் பாருங்கள்:

ஐ தேங்க் மை அங்கிள்ஸ், தி பிரின்சிபல் அண்ட் தி வாட்ச்மேன்.

பிரின்சிபலும் வாட்ச்மேனும் இவருடைய மாமாக்கள் என்றாகிவிட்டது. தமிழில் "மாமாக்களுக்கும் பிரின்சிபலுக்கும் வாட்ச்மேனுக்கும்" என்று ஒவ்வொன்றிலும் "உம்" ஒட்டிக்கொள்வதால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. "பிரின்சிபல்" என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமா போட்டால் ஆங்கிலத்துக்கும் அந்த "உம்" கிடைக்கும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதற்கு விலையே கிடைத்தது. அங்கே சில வேலைகளுக்கு ஓவர்டைம் கூலி இல்லை என்று சட்டம். அந்தப் பட்டியலின் கடைசி "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்". "ஷிப்மென்ட்" என்பதற்குப் பின் கமா இல்லை. பேக்கிங், விநியோகம் இரண்டும் தனித்தனி வேலைகள் என்றது ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம். அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலைதான், நாங்கள் கட்டுவதில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளியே வைத்துவிட்டார்கள்.

பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே கமா இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள்: "ஹோசூர், தமிழ்நாடு; கோலார், கர்நாடகா; அண்ட் சித்தூர், ஆந்திரா".

ஒரு சர்க்குலரில் நான் போட்ட இரண்டு கமாவால் அலுவலகத்தில் களேபரம். "எம்ப்ளாயீஸ், ஹூ ஜாயின்ட் ஆஃப்டர் ஏப்ரல், ஆர் நாட் எலிஜிபிள்" என்று எழுதினேன். என்ன தவறு?
– கோரமங்களாவிலிருந்து ஒரு மனிதவள அலுவலர்

அந்த இரண்டு கமாவையும் எடுத்துவிடுங்கள். கமா இல்லாவிட்டால் "ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த ஊழியர்களுக்கு மட்டும் தகுதி இல்லை". கமா போட்டால் "ஊழியர் யாருக்குமே தகுதி இல்லை, அவர்கள் எல்லோரும் ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்கள்". ஊழியர்கள் பதறியதில் நியாயம் இருக்கிறது. தமிழில் "சேர்ந்த ஊழியர்கள்" என்ற பெயரெச்சம் இரண்டு பொருளுக்கும் ஒன்றுதான். சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். அதனால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. எழுதும்போது "மட்டும்" என்று மனத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் கமா கூடாது.

நான் போர்டு எழுதுபவன். கடைக்காரர்கள் "ஃப்ரெஷ்" என்ற சொல்லை மேற்கோள்குறிக்குள் எழுதச் சொல்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சிரித்தார். ஏன்?
– லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வாசகர்

எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று நாம் மேற்கோள்குறி போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லைச் சுற்றி அது வந்தால் "இவர்கள் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை" என்று பொருள். தமிழில் "ஃப்ரெஷ்ஷாம்!" என்று "ஆம்" சேர்த்து இழுப்பது போல. எடுப்பு வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது வண்ணத்தை மாற்றுங்கள். பன்மைக்கு மேற்கொம்பு (அபாஸ்ட்ரஃபி) வேண்டாம் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். "தோசா'ஸ்" என்றால் தோசையினுடைய ஏதோ ஒன்று. "தோசாஸ்" போதும்.

எங்கள் குடியிருப்பு நோட்டீஸ்களில் மூன்று வியப்புக்குறி போட்டும் யாரும் மதிப்பதில்லை.
– சர்ஜாபூர் சாலையிலிருந்து ஒரு சங்கச் செயலாளர்

மூன்று போட்டதால்தான். கத்துகிற நோட்டீஸைப் பார்த்தவுடன் கண் தாண்டிப் போய்விடும். "டு நாட் த்ரோ வேஸ்ட் ஃப்ரம் தி பால்கனி!!!" என்பதற்குப் பதிலாக இப்படி:

சில்ட்ரன் ப்ளே பிலோ யுவர் பால்கனி. ப்ளீஸ் த்ரோ நத்திங் டவுன்.

காரணம் முதலில், வேண்டுகோள் பிறகு, இரண்டும் முற்றுப்புள்ளியில். தீயணைப்புக் கருவி, மின்கம்பி மாதிரி உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு ஒற்றை வியப்புக்குறியை மிச்சம் வையுங்கள்.

"தேங்க் யூ சார்", "தேங்க் யூ, சார்" – எது சரி? இவ்வளவு சின்ன விஷயத்தில் கமா அவசியமா?
– ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு வாசகி

இரண்டாவதுதான் சரி. தமிழில் விளிக்க ஒரு வேற்றுமையே இருக்கிறது, எட்டாம் வேற்றுமை. கண்ணன் "கண்ணா" ஆவான், தம்பி "தம்பீ" ஆவான். பெயரின் உருவம் மாறியவுடன் கூப்பிடுகிறோம் என்று தெரிந்துவிடும். ஆங்கிலப் பெயர் அப்படி மாறாது. அதை விளியாக்குவது அந்தக் கமா மட்டுமே.

"தேங்க் யூ சார்" என்பதில் பொருள் கெடாது, ஆகவே அவசரச் சாட்டில் விட்டுவிடலாம். எல்லா இடத்திலும் விடமுடியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் "லிஃப்ட் எப்போது சரியாகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். தெரியாது என்று பதில் அனுப்புகிறீர்கள்:

ஐ டோன்ட் நோ அங்கிள்.

"எனக்கு எந்த அங்கிளையும் தெரியாது" என்று போய்ச் சேரும்.

ஐ டோன்ட் நோ, அங்கிள்.

"தெரியலையே அங்கிள்." மெயிலில் "குட் மார்னிங், மேடம்" என்று எழுதும்போதும் இதே கமா, பெயருக்கு முன்னால். பெயர் வாக்கியத்தின் நடுவில் வந்தால் இருபுறமும் வேண்டும்: "யெஸ், அங்கிள், தி லிஃப்ட் இஸ் வொர்க்கிங்."